லாட் நம்பர் இல்லாத துணி

திருப்பூரில் நிட்டிங் பட்டறைக்கு நூல் மூட்டை வந்து இறங்கியதும், அனுபவப்பட்டவர் முதலில் பார்ப்பது கோனுக்குள் ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டைத்தான். மில்லின் பெயர், கவுண்ட், லாட் நம்பர் மூன்றும் அதில் இருக்கும். ஒரே மில்லின் ஒரே முப்பதாம் நம்பர் நூலாக இருந்தாலும், இரண்டு லாட்டைக் கலந்து மெஷினில் ஏற்றிவிட்டால் வம்புதான். சாயம் ஏறாத துணியில் ஒன்றும் தெரியாது. சாயப்பட்டறையிலிருந்து திரும்பி வரும்போது கோடு கோடாக வரி ஓடியிருக்கும். சீட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்தியவர் அப்போது தப்பித்துக்கொள்வார். குப்பையில் போட்டவர், குற்றம் மில்லுடையதா, தன்னுடையதா, சாயப்பட்டறையுடையதா என்று யாரிடமும் வாதாட முடியாமல் நிற்பார்.

அங்கிருந்து துணி எங்கே போனாலும் அடையாளமும் கூடவே போகிறது. ரோலின் ஓரத்தில் மார்க்கர் எழுத்து, சாயப்பட்டறையில் ஜாப் கார்டு, வண்டியில் ஏற்றும்போது டெலிவரி சலான், கட்டிங்கில் பிட்டுக்குப் பிட்டு நம்பர் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் மாறிப்போனால் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு என்று தைத்து வந்துவிடும். பவர் டேபிளில் சேர்ந்து ஒரு மாதமே ஆன கைமடிப் பெண்ணுக்கும் இது தெரியும்.

இதே வட்டாரத்துக் கல்லூரிகளில் பின்னலாடைத் தொழிலைப் பற்றி ஆண்டுதோறும் எழுதப்படும் ப்ராஜெக்ட்டுகளையும் ஆய்வேடுகளையும் பிரித்துப் பார்த்தால் வேறு உலகம் தெரிகிறது. முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே ‘இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் திருப்பூரின் பங்கு 90 விழுக்காடு’ என்று இருக்கும். யார் சொன்னது, எந்த ஆண்டுக் கணக்கு, எதில் 90 என்பதற்கு ஒரு குறிப்பும் இருக்காது. கடைசிப் பக்கத்தில் மட்டும் ‘துணைநூல் பட்டியல்’ என்று பதினைந்து புத்தகங்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் எந்தப் புத்தகம் எந்த வரிக்குத் துணை நின்றது என்று ஏட்டை எழுதியவராலேயே சொல்ல முடியாது.

கேட்டால் வரும் பதில் ஊருக்கெல்லாம் ஒன்றுதான்: ‘ரெஃபரன்ஸ் எல்லாம் ஒரு சடங்கு. கடைசியில் போட்டுக்கொள்ளலாம். சாஃப்ட்வேரில் பத்து பர்சென்டுக்குள் வந்தால் போதும்.’ மாணவர் சொல்வதை நெறியாளரும் சொல்கிறார். நெறியாளர் சொல்வதைக் கல்லூரி நிர்வாகமும் மறுப்பதில்லை. இந்த எண்ணம் தவறு, வெறும் ஒழுங்குமுறைத் தவறாக விட்டுவிடக்கூடியதும் இல்லை. இந்த வட்டாரத்தின் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் மாணவருக்கும் இதனால் நேரடியாக நட்டம் உண்டாகிறது.

முதலில் அந்தப் பத்து விழுக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறையில் இருந்து வந்த எண் இது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆய்வேட்டைத் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது இந்த அட்டவணை மட்டுமே. அதே விதிமுறை கருத்துத் திருட்டுக்குத் தரும் விளக்கத்தில், பிறருடைய எழுத்தோடு பிறருடைய கருத்தையும் தன்னுடையதாகக் காட்டுவது சேர்ந்திருக்கிறது. முறையாகப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டிய பகுதியை ஒப்புமைக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்றும் அதே விதிமுறைதான் சொல்கிறது. ‘மேற்கோள் அதிகம் போட்டால் பர்சென்ட் ஏறிவிடும்’ என்ற பயத்தில் மேற்கோளையே வெட்டி எறியும் மாணவர், தன்னைக் காக்க வந்த விதியைப் பார்த்தே ஓடுகிறார்.

சொல்லை ஒப்பிடும் கருவிக்குக் கருத்து தெரியாது. ஓர் எடுத்துக்காட்டு போதும். திருப்பூரில் ஒரு கம்பெனி வளர்ந்தால் ஒரே கூரைக்கடியில் பெரிதாகாமல், பல சின்னக் கம்பெனிகளாகப் பிரிந்து பெருகும் என்பது இன்று யாரும் சொல்லும் கருத்து. அமீபா பிளந்து பெருகுவதோடு ஒப்பிட்டு அதற்கு ‘அமீபா முதலாளித்துவம்’ என்று பெயர் வைத்தவர் பமீலா காதோர்ன். திருப்பூர் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வு 1990-இல் முடிந்தது. அவர் பெயரைச் சொல்லாமல் இந்தக் கருத்தை நல்ல தமிழில் எழுதினால் கருவி காட்டும் ஒப்புமை பூஜ்யம். சட்டத்தின் கண்ணில் படாமல் தப்பித்துவிடலாம்.

படிப்பவர் இழப்பது என்ன? அது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய திருப்பூரைப் பார்த்துச் சொன்ன கருத்து என்பது அவருக்குத் தெரியாமல் போகிறது. நூற்பாலை முதல் பேக்கிங் வரை ஒரே வளாகத்தில் நடத்தும் நிறுவனங்கள் வந்துவிட்ட பிறகும் அந்த அமீபா உயிரோடு இருக்கிறதா என்று கேட்க அவருக்கு வழி இல்லை. பெயரும் ஆண்டும் இருந்திருந்தால் அந்தக் கேள்வி தானாகவே பிறந்திருக்கும். ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பே அதிலிருந்து கிடைத்திருக்கும்.

ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட ‘ஃப்ரட்டர்னல் கேப்பிட்டல்’ நூலுக்கு நேர்வது இதைவிட மோசம். விவசாயக் குடும்பங்களில் இருந்து வந்து, பனியன் கம்பெனியில் கூலிக்கு நின்று, பிறகு முதலாளியான கவுண்டர்கள் தங்கள் வளர்ச்சிக்குக் காரணம் உழைப்புதான் என்று சொல்வதை அவர் விரிவாகப் பதிவு செய்தார். அந்த உழைப்புக் கதைக்குள் சாதியும் ஆண்களின் கூட்டும் எப்படி இயங்குகின்றன, யாருடைய உழைப்பு அதில் பேசப்படாமல் போகிறது என்று ஆராய்வதுதான் நூலின் வேலை. இதைக் குறிப்பில்லாமல் எடுத்துப் போடும்போது, முதலாளி சொன்ன வாக்குமூலமும் ஆய்வாளர் எழுப்பிய கேள்வியும் ஒரே குரலாகிவிடுகின்றன. ‘உழைப்பால் உயர்ந்த நகரம்’ என்ற பாராட்டு மட்டும் ஏட்டில் மிஞ்சுகிறது. ‘என்று முதலாளிகள் கூறினர்’ என்ற ஒரு தொடரும் ஒரு பக்க எண்ணும் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது.

‘ஊருக்கே தெரிந்த விஷயத்துக்கு எதற்கு ஆதாரம்?’ என்பது அடுத்த வாதம். அந்த 90 விழுக்காட்டுக்கே திரும்பிப் போகலாம். ஓர் ஏட்டில் 90, இன்னொன்றில் 80, செய்தித்தாளில் 55. மூன்றும் திருப்பூரின் பங்கு என்றே எழுதப்படுகின்றன. பருத்திப் பின்னலாடையை மட்டும் கணக்கில் எடுத்தார்களா, எல்லாப் பின்னலாடையையுமா? சுங்க வகைப்பாட்டில் பின்னலாடைக்கு 61-ஆம் அத்தியாயம், தறியில் நெய்த துணியில் தைத்த ஆடைக்கு 62. இரண்டும் சேர்ந்ததா? எடைக் கணக்கா, டாலர் மதிப்பா? தொண்ணூறுகளின் கணக்கா, போன ஆண்டுடையதா? திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் மதிப்பீட்டுக்கு ஓர் அடிப்படை இருக்கும், மத்திய வணிக அமைச்சகத்தின் புள்ளிவிவரத்துக்கு வேறோர் அடிப்படை இருக்கும். சீட்டைக் கழற்றி எறிந்த பிறகு எல்லாக் கோனும் ஒரே மாதிரிதான் தெரியும். ஊருக்கே தெரிந்ததாகச் சொல்லப்படும் எண்தான் உண்மையில் ஊரில் ஒருவருக்கும் தெரியாத எண்.

தொழிலாளர் எண்ணிக்கைக்கும் இதே கதிதான். ஆறு லட்சம், எட்டு லட்சம், பத்து லட்சம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீடு, குடிநீர், ஆஸ்பத்திரிப் படுக்கை, வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி இடம் எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் கேட்கப்பட வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத எண்ணை ஓர் அதிகாரியின் மேஜையில் வைத்தால் அவர் ஒரே கேள்வியில் தள்ளிவிடலாம்.

எண்ணுக்கு ஆதாரம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நொய்யல் ஆறே சாட்சி. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகள் உப்பாயின. தென்னை கருகியது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், 2007 ஜூலை இறுதிக்குள் கழிவுநீர் வெளியேற்றம் பூஜ்யமாக வேண்டும் என்று உத்தரவிட்டது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 8, 10 என்று ஏறும் அபராதமும் விதித்தது. 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றமும் சாய ஆலைகளின் பொறுப்பை உறுதி செய்தது. அப்படியும் வெளியேற்றம் நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

விவசாயிகளின் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தை மட்டும் வைத்து எந்த நீதிமன்றமும் லிட்டருக்கு இத்தனை பைசா என்று கணக்குப் போடாது. எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் எடுத்த நீர், எந்த முறையில் சோதிக்கப்பட்டது என்று பதிவான அறிக்கைகள் இருந்தன. நிபுணர் குழுக்கள் இருந்தன. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவற்றைப் புரட்டிப் பார்த்துக் குறுக்குக் கேள்வி கேட்க முடிந்தது. அந்தக் கேள்விகளையும் தாங்கி நின்றதால்தான் தீர்ப்பு நின்றது.

இன்றைய ஏடுகளில் ‘நொய்யல் நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு இவ்வளவு’ என்று ஆண்டு இல்லாமல் ஓர் எண் வருகிறது. அது 2011-க்கு முந்தியதா, பிந்தியதா? அணைக்கு அருகில் எடுத்ததா, மங்கலத்தில் எடுத்ததா? மழைவெள்ளத்துக்கு மறுநாளா, சித்திரை வெயிலிலா? முந்திய எண்ணை இன்றைய எண்ணாக எழுதினால், கோடிகளைக் கொட்டிச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தும் ஆலைக்காரருக்கு அநியாயம். இன்று திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுபவருக்கோ அது வசதி. ‘அதெல்லாம் பழைய கதை’ என்று தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

சுமங்கலித் திட்டம் பற்றிய சர்ச்சையும் இங்கே நினைக்கத்தக்கது. அந்தத் திட்டத்தின் பேரில் நூற்பாலைகளில் இளம்பெண்கள் வேலைக்கு வைக்கப்பட்ட விதம் குறித்து நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, ஐ.சி.என். அமைப்புகள் 2011-லும் 2014-லும் அறிக்கைகள் வெளியிட்டன. 2014 அறிக்கை ஐந்து ஆலைகளில் 150-க்கும் மேற்பட்ட தொழிலாளரிடம் பேசி எழுதப்பட்டது. பேசிய பெண்களின் பெயர் வெளியே வரவில்லை. எத்தனை பேர், எந்த ஆலைகள், எப்படிப் பேசினார்கள் என்பது அறிக்கையிலேயே இருந்தது. ஆதாரம் காட்டுவதற்கும் ஏழைப் பெண்ணின் பெயரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்கும் முரண்பாடு இல்லை என்பதற்கு இது சான்று. ‘வேலை போய்விடும் என்று பயந்தார்கள், அதனால் நேர்காணல் விவரம் எதுவும் போடவில்லை’ என்று சொல்லும் ஆய்வாளருக்கு இனி அந்தச் சாக்கு இல்லை.

இன்னொரு கூட்டம் சொல்வது இது: ‘மேற்கோள் குறிப்பு என்பது வெள்ளைக்காரன் பழக்கம். நம் மரபில் ஏது?’ தமிழில் உரை மரபைத் தொட்டுப் பார்த்தவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார். வளையாபதி என்ற காப்பியம் முழுதாக இன்று இல்லை. எழுபது சொச்சம் பாட்டுகள் மட்டும் நம்மிடம் இருக்கின்றன. அவையும் புறத்திரட்டுத் தொகுப்பிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்டதால் பிழைத்தவை. குண்டலகேசியும் அப்படித்தான். மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு புத்தகமே எழுத முடிந்ததற்குக் காரணம், பழைய உரையாசிரியர்கள் தாங்கள் படித்த நூல்களின் பெயரை உரையில் விட்டுச் சென்றதுதான்.

பெயர் சொல்லாமல் விட்ட இடங்களில் என்ன ஆனது என்பதை உ.வே. சாமிநாதையர் தன் வாழ்க்கை வரலாற்றில் உருக்கமாகவே எழுதியிருக்கிறார். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது, நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள்கள் குவிந்து கிடந்தன. பல இடங்களில் பிறரும் இப்படிச் சொன்னார் என்ற அளவோடு உரையாசிரியர் நின்றுவிடுகிறார். அந்தப் பிறர் யார்? நூற்பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஐயர் ஏங்கினார். ஏடு ஏடாகத் தேடினார். திருவாவடுதுறை மடத்தின் சுவடிகளைப் புரட்டியபோதுதான், அந்த மேற்கோள்கள் சங்க நூல்களிலிருந்து வந்தவை என்பது ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது. பின்னாளில் அவர் பதிப்புகளில் எந்த மேற்கோள் எந்த நூலைச் சேர்ந்தது என்று அகராதி போட்டார். இடம் தெரியாதவற்றை விளங்கா மேற்கோள் என்று தனியே பட்டியலிட்டார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அச்சிட்டுக் காட்டிய அந்த மனிதரின் வழி வந்தவர்கள், ரெஃபரன்ஸ் இறக்குமதிச் சரக்கு என்று பேசுவது வருத்தமாக இருக்கிறது.

ஒரு வாதத்தை மட்டும் மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். ‘முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள். ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. காசு கட்டினால்தான் திறக்கும். அவர்களிடம் போய் அடிக்குறிப்பு கேட்பது கொடுமை.’ இதில் பாதி உண்மை இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கி, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டாலும், அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. கொங்கு வட்டாரத்தில் பிள்ளைகள் பெரும்பாலும் படிக்கும் சுயநிதிக் கல்லூரிகள் அதற்கு வெளியே நிற்கின்றன. ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ. என்ற மேற்கோள் முறைகளைச் சொல்லி, காற்புள்ளி இடம் மாறியதற்காக மதிப்பெண் குறைப்பதும் வீண் வேலைதான். அந்தப் பிடிவாதத்தைக் கைவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் எழுதி வைக்கக் காசு வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’வில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் திறந்தே இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் இருப்பது பயிற்சி. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று இரக்கப்பட்டு விலக்குவது, அந்தப் பிள்ளையை நிரந்தரமாகப் பின்பெஞ்சில் உட்கார வைப்பது. வசதியான வீட்டுப் பிள்ளை சொன்னால் கேட்பார்கள். மற்றவர் சொன்னால் ‘எங்கே இருக்கிறது?’ என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் கையில் இருக்க வேண்டியது பக்க எண்.

இந்தக் கேள்வி இன்று இன்னும் கூர்மையாகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ‘திருப்பூர் பற்றிப் பத்து ரெஃபரன்ஸ் கொடு’ என்றால், ஆசிரியர் பெயர், இதழ், தொகுதி, பக்கம் எல்லாம் வைத்து அழகாகத் தரும். அவற்றில் சில உலகில் எங்குமே இருக்காது. 2023 ஜூனில் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்களும் அவர்களது நிறுவனமும், செயலி கற்பனை செய்த தீர்ப்புகளை மனுவில் மேற்கோள் காட்டியதற்காக 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. சடங்குதானே என்று நினைப்பவர் போலி ரெஃபரன்ஸைப் பார்த்துக் கவலைப்பட மாட்டார். சடங்குக்குப் பொம்மைத் தேங்காயும் போதும்.

ஆனால் திருப்பூர்க்காரருக்கு இதன் விலை தெரியும். ஆர்கானிக் பருத்தி ஆடை என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால், ஜின்னிங் ஆலையிலிருந்து நூற்பாலை, நிட்டிங், சாயம், தையல் வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சான்று தொடர்ச்சியாக வர வேண்டும். 2020 அக்டோபரில், அந்தத் தரச்சான்றை நடத்தும் கோட்ஸ் அமைப்பு, இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலிச் சான்றுகளின் பேரில் ஆர்கானிக் ஆக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது. சான்றில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அரசு இணையதளத்தை அப்படியே காப்பியடித்த ஒரு போலித் தளம் திறந்ததாம். பருத்தி உண்மைப் பருத்திதான். துணியும் நல்ல துணிதான். அது எங்கிருந்து வந்தது என்ற சொல் மட்டுமே பொய். அந்த ஒரு பொய்யால், நேர்மையாக ஆர்கானிக் பயிரிட்ட விவசாயியின் மூட்டையையும் வாங்குபவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

படிக்காததைப் படித்ததாகக் காட்டும் ரெஃபரன்ஸும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. 1980 ஜனவரியில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், போர்ட்டர், ஜிக் என்ற இருவர் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் வலிநிவாரணத்துக்கு ஓபியாய்டு மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் போதை அடிமைத்தனம் பதிவானது நான்கு பேரிடம் என்பது அதன் சாரம். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தக் கடிதம் 608 முறை எடுத்தாளப்பட்டதைக் கணக்கெடுத்தது. அவற்றில் 439 இடங்களில் இந்த மருந்தால் அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாகவே அது காட்டப்பட்டிருந்தது. அவர்கள் மருத்துவமனைக்குள் இருந்த நோயாளிகள் என்பதைப் பெரும்பாலோர் சொல்லவே இல்லை. ஐந்து வாக்கியத்தைத் தேடிப் படிக்க மனமில்லாமல், முன்னவர் போட்ட குறிப்பைப் பின்னவர் பெயர்த்து எழுதிக்கொண்டே போனார்கள். அந்த நம்பிக்கையில் எழுதித் தரப்பட்ட மாத்திரைகள் எத்தனையோ குடும்பங்களை அழித்தன.

திருப்பூர் வட்டாரத்தில் பின்னலாடை பற்றி ப்ராஜெக்ட் எழுதும் பிள்ளைகளில் பலருடைய அம்மாவோ அக்காவோ பனியன் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார்கள். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் எத்தனை மணிக்கு வீடு திரும்புவது, சனிக்கிழமைச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம், ஆர்டர் இல்லாத மாதத்தில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதெல்லாம் எந்த ஆய்விதழிலும் இல்லாத செய்திகள். அந்தப் பிள்ளைக்கு அவை சொந்தமாகத் தெரியும். ஆனால் ஏட்டில் அதை எழுதக் கூச்சப்பட்டு, யாரோ எழுதிய ‘தொழிலாளர்கள் ஓரளவு திருப்தியுடன் உள்ளனர்’ என்ற வரியை எடுத்து ஒட்டிவிடுகிறார்.

அதற்குப் பதிலாக அவர் ஒரு பக்கத்தின் அடியில் இப்படி எழுதலாம்: ‘நேர்காணல், செக்கிங் பகுதித் தொழிலாளி, பெண், பதினாறு ஆண்டு அனுபவம், 15 வேலம்பாளையம்.’ கூடவே தேதியும், பெயரைத் தவிர்த்ததற்கான காரணமும். பத்தாண்டு கழித்து, செக்கிங் வேலைக்கு இந்த ஆண்டில் ஒரு ஷிஃப்டுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்று தேடி வருபவர் அந்த அடிக்குறிப்பில் வந்து நிற்பார்.